எங்கே படித்தாய்? – சொற்போருக்குச் சான்று தேடும் பயிற்சி

எங்கள் பள்ளிச் சொற்போரில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், “தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.33 விழுக்காடு” என்றார். எதிரணி மாணவர், “தவறு, 80.09 விழுக்காடு” என்று மறுத்தார். “எங்கே படித்தீர்கள்?” என்று நடுவர் கேட்டதும் இருவரும் விழித்தனர். அந்த மாணவி அதன்பின் மேடையில் வாய் திறக்கவே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தற்காலிக முடிவு 80.33, இறுதி முடிவு 80.09. இறுதி எண்ணையே பயன்படுத்த வேண்டும் என்பதை நாம்தான் கற்றுத்தரவில்லை. பேச்சுக்கு மனப்பாடம் செய்யவைக்கும் நாம், சான்று தேடவும் பழக்க வேண்டும்.

செயல்பாடு (8, 9 வகுப்புகள், இரு பாடவேளைகள்)

தலைப்பு: “எழுத்தறிவில் தமிழ்நாடு நிறைவு கண்டுவிட்டது.”

1. மாணவர்களை நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கவும். ஒவ்வொரு சான்றையும் ஓர் அட்டையில் எழுதச் செய்யவும். செய்தி என்ன, வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு, எங்கே பார்த்தோம் ஆகிய நான்கும் அட்டையில் இருக்க வேண்டும்.

2. “இணையத்தில் பார்த்தேன்”, “வாட்ஸ்அப்பில் வந்தது” என்பவற்றை ஏற்க வேண்டாம். நாளிதழில் கண்ட எண்ணை, அதை வெளியிட்ட துறையின் அறிக்கை வரை தேடிச் செல்லச் சொல்லவும்.

3. சொல்லின் பொருளைக் கேட்கவும். கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றவர் என்பவர், ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்த, 7 வயது நிறைந்தவர். பள்ளிப் படிப்பை முடித்தவர் என்று இதற்குப் பொருளில்லை.

4. அட்டைகளை எதிரணியிடம் மாற்றிக் கொடுக்கவும். அதே அறிக்கையிலிருந்து மறுப்பைத் தேடட்டும். 2001இல் 73.45 விழுக்காடாக இருந்தது 80.09 ஆக உயர்ந்தது என்பது ஓர் அணியின் வலிமை. ஆண்கள் 86.77, பெண்கள் 73.44 என்ற இடைவெளி மறு அணியின் வலிமை.

5. ஆண்டைச் சொல்லியே பேசப் பழக்கவும். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், “இன்று 80 விழுக்காடு” என்பது பிழை. “2011 கணக்கெடுப்பின்படி” என்பதே சரி.

மதிப்பீடு

குரல் வளத்துக்கும் சரளத்துக்கும் தரும் மதிப்பெண்ணில் ஒரு பங்கைச் சான்று அட்டைக்கு ஒதுக்கலாம். தன் சான்றில் பிழை கண்டு தானே திருத்திக்கொள்ளும் மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், கூட்டிக் கொடுங்கள். அடுத்த முறை “எங்கே படித்தீர்கள்?” என்ற கேள்வி எழும்போது, அந்தப் பிள்ளை தலைகுனியாமல் அட்டையை எடுத்துக் காட்டட்டும்.