நிச்சயம் எங்கேயிருந்து வருகிறது?

வேதபகுதி: எபிரெயர் 11:1; யோவான் 20:24-29; லூக்கா 13:1-5



இந்த மாத வேதபாடத்துக்கு நம்முடைய வாலிபர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். காலேஜில் பிசிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் இரண்டு விதமான பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். "மூளையில் ஓடுகிற மின்சாரம்தான் மனசு. ஆத்துமாவும் கிடையாது, ஆண்டவரும் கிடையாது" என்று கூடப் படிக்கிறவன் சொல்றான். "குவாண்டம் இயற்பியல் ஆத்துமா உண்டு என்று நிரூபித்துவிட்டது, அல்லேலூயா!" என்று நம்முடைய மேடைகளிலேயே சிலர் முழங்குகிறார்கள். ரெண்டு பேருமே அடித்துச் சொல்கிறார்கள். அவ்வளவு நிச்சயம் இவர்களுக்கு எங்கேயிருந்து வந்தது?

முதலாவது, குவாண்டம் என்ற பெயரைக் கேட்டு நாம் மிரள வேண்டியதில்லை. சிவகாசியில் பிறந்தவன் அதைத் தினமும் கண்ணால் பார்க்கிறான். வாணத்தில் சிவப்பு வேணுமானால் ஸ்ட்ரான்சியம் உப்பு, மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குத் தாமிரம். பச்சைக்குப் பேரியம். (2018ல் உச்ச நீதிமன்றம் பேரியத்தைத் தடை செய்தபோது நம் பக்கத்தில் எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது என்பது வேறு கதை.) ஏன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்? சூடு ஏறும்போது உள்ளே இருக்கிற எலக்ட்ரான் மேல்படிக்கு ஏறி, திரும்ப இறங்கும்போது வெளிச்சத்தை விடுகிறது. அந்தப் படிகள் நடுவில் நிற்க இடமில்லாத படிகள். ஒவ்வொரு வஸ்துவுக்கும் படி வேறு, ஆகவே நிறமும் வேறு. 1913ல் நீல்ஸ் போர் என்பவர் ஹைட்ரஜன் அணுவுக்கு இந்தப் படிக்கணக்கைப் போட்டார். தீபாவளி ராத்திரி வானத்தில் விரிகிறது அந்தக் கணக்குதான்.

1927ல் ஹைசன்பர்க் நிச்சயமின்மைக் கோட்பாட்டைச் சொன்னார். இதைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, எதுவும் நிச்சயமில்லை என்று விஞ்ஞானமே ஒத்துக்கொண்டது" என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. இது சரியல்ல. ஒரு துகளின் இடத்தையும் அதன் வேகக் கணக்கையும் ஒரே நேரத்தில் துல்லியமாக வரையறுக்க முடியாது, அவ்வளவுதான் அவர் சொன்னது. கோடானுகோடி அணுக்கள் சேருகிற இடத்தில் கணக்கு பிசகாமல் வருகிறது. ஸ்ட்ரான்சியம் போட்ட வாணம் ஒருநாளாவது பச்சையாக எரிந்ததுண்டா?

சரி, இதில் மனசு எப்படி வந்து சேர்ந்தது? அளந்து பார்க்கும் வரையில் ஒரு எலக்ட்ரான் பல நிலைகளிலும் கலந்து இருக்கிறதாகவே அந்தக் கணக்கு காட்டுகிறது. அளந்தால் ஒரு நிலை மட்டும் கிடைக்கிறது. அப்படியானால் பார்க்கிறவனுடைய மனசுதான் அதை முடிவு செய்கிறதோ என்று 1961ல் விக்னர் என்ற விஞ்ஞானி எழுதினார். பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டார். ஆனால் அவர் விட்டதை நம்மவர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

நம் பக்கத்து மனுஷர் ஒருவரும் இந்த விஷயத்தில் வருகிறார். இ.சி.ஜி. சுதர்சன், கோட்டயத்தில் 1931ல் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பின்பு வேதாந்த வழிக்குப் போனவர். 1984 முதல் 1991 வரை சென்னை கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். அவரும் மிஸ்ரா என்பவரும் 1977ல் ஒன்று கண்டு சொன்னார்கள்: ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் அப்படியே நின்றுவிடும். மனசு மூளையை ஆளுவது இப்படித்தான் என்று ஹென்றி ஸ்டாப் என்கிற அமெரிக்கர் இதன்மேல் ஒரு கொள்கையே கட்டினார். கவனியுங்கள், 1990ல் அமெரிக்காவில் பெரிலியம் அயனிகளை வைத்து இதைச் சோதித்தபோது, இடைவிடாமல் "பார்த்தது" லேசர் ஒளி. மனுஷக் கண்ணோ மனசோ அங்கே தேவைப்படவில்லை.

இங்கிலாந்தில் ரோஜர் பென்ரோஸ் 1989ல் ஒரு புத்தகம் எழுதி, மனுஷனுடைய அறிவு கம்ப்யூட்டர் கணக்குக்குள் அடங்காது, அதற்குக் குவாண்டம் வேண்டும் என்றார். பிறகு ஹேமராஃப் என்ற மயக்கமருந்து டாக்டரும் அவரும் சேர்ந்து, மூளைச் செல்லுக்குள் இருக்கிற நுண்குழாய்களில் அது நடக்கிறது என்றார்கள். உடம்புச் சூட்டில் அந்த நிலை ஒரு நொடியின் கோடானுகோடியில் ஒரு பங்குகூட நிற்காது என்று 2000ல் டெக்மார்க் கணக்குப் போட்டு மறுத்தார். விவாதம் இன்னும் ஓயவில்லை. 2020ல் பென்ரோஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் கருந்துளை பற்றிய ஆராய்ச்சிக்காக. இதில் ஒரு வேடிக்கை: பென்ரோஸ் எந்த மதத்தையும் நம்புகிறவர் அல்ல. அவர் பெயரைச் சொல்லி நம்மவர்கள் ஆத்துமாவை நிரூபிக்கிறார்கள்.

1979ல் ஒரே கொள்கைக்காக நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர்களில் அப்துஸ் சலாம் தொழுகையை விடாத இஸ்லாமியர், வைன்பர்க் நாத்திகர். நம் தமிழ்க் குடும்பத்துச் சந்திரசேகர், 1983ல் நோபல் பரிசு வாங்கியவர், தம்மை நாத்திகர் என்றே சொன்னார். சமன்பாடு ஒன்றுதான், ஒருவன் முழங்கால் படியிடுகிறான், ஒருவன் போய்விடுகிறான். அப்படியானால் தேவனை நம்புகிறதும் மறுக்கிறதும் சமன்பாட்டிலிருந்து வரவில்லை, வேறே இடத்திலிருந்து வருகிறது.

எங்கேயிருந்து? நம்முடைய ஜில்லாவையே பார்ப்போம். 1899 ஜூனில் சிவகாசி எரிந்தது. கோயில் நுழைவுத் தகராறு அதற்குப் பின்னால் இருந்தது. கதவை அடைத்தவர்கள் தெய்வத்தின் பெயரால்தான் அடைத்தார்கள். 1931 ஆகஸ்டில் விருதுநகரில் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியபோது, அங்கே திரண்ட ஜனங்கள் எலக்ட்ரான் கணக்கைப் படித்துவிட்டா வந்தார்கள்? அவமானப்பட்டு வந்தார்கள். நாம் சீக்கிரமாய் அவர்களை நியாயந்தீர்த்துவிட வேண்டாம். கல்லறையிலும் ஜாதிக்கு ஒரு சுவர் வைத்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்று பெயர் வைத்திருந்தவர்களே.

2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நெருப்பைக் கண்டு உதவிக்கு ஓடினவர்களும் அதில் உண்டு. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பையன், "உங்க ஆண்டவர் எங்கே இருந்தார்?" என்று கேட்டால், அவனிடம் போய் குவாண்டம் பேசுவதா? அது காய்ச்சலுக்கு வந்தவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறது மாதிரி.

தோமாவை நினைத்துப் பாருங்கள். அவன் கேட்டது அத்தாட்சி. ஆண்டவர் அவனைத் திட்டித் துரத்தவில்லை, வாதமும் பண்ணவில்லை. காயங்களைக் காட்டினார். எபிரெயர் 11:1ல் வருகிற "நிச்சயம்" அளவுகோலால் வருகிற நிச்சயம் அல்ல. ஒருவரை அறிந்து, அவர்மேல் சாய்கிறதினால் வருகிறது. மாற்கு 9ல் நோயாளிப் பிள்ளையின் தகப்பன், தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் கண்ணீரோடு சொன்னான். அவனையும் அவர் தள்ளவில்லையே.

ஒரு விபத்து நடந்ததும், "எல்லாம் தேவசித்தம்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். இந்த வார்த்தை எத்தனை பேரை சபைக்கு வெளியே அனுப்பியிருக்கிறது! சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் மறுத்தார். நம் பகுதி விபத்துகள் பலவற்றில் காரணம் மறைவானதல்ல: அறைக்கு அனுமதித்ததைவிட அதிக ஆள், அதிக மருந்து, வெயிலில் மரத்தடியில் வைத்து வேலை, ஒரு உராய்வு. இது தேவரகசியம் அல்ல, எந்தப் போர்மேனுக்கும் தெரிந்த காரியம். நம்முடைய சபையிலேயே போர்மேன்கள் இருக்கிறார்கள், ஆலை வைத்திருக்கிற சகோதரர்களும் இருக்கிறார்கள். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது அறைக்குள்ளே எத்தனை பேரை உட்கார வைக்கிறோம் என்பதை அவர்கள் தங்கள் முழங்காலில் நின்று யோசிக்கட்டும். அந்தப் பையனுக்குச் சபை கொடுக்கவேண்டிய பதிலில் பாதி அங்கே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு, அவனோடேகூடப் போய் உட்காருங்கள். முதல் நாளே வசனம் சொல்ல வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழுநாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுமட்டும் நன்றாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்தபிறகு நடந்ததை அடுத்த மாதம் தியானிப்போம். யோபு 2 முதல் 8 வரை வீட்டில் வாசித்து வாருங்கள்.