சட்டமிட்ட அச்சோவியம்: மதிப்பும் காப்பும்

நம் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் அச்சோவியத்தின் மதிப்பு யாது? அதைக் காப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவோர் முதலில் படத்தின் ஓரத்தை நோக்க வேண்டும் என்பதே நான் கூற விழைவது.

ஓவியர் தாமே கல்லிலோ செம்புத் தகட்டிலோ மரப்பலகையிலோ உருவம் அமைத்து, இத்தனை படிகளே எடுப்பது என வரையறுத்து அச்சிடுவதுண்டு. படத்தின் கீழே 7/50 எனப் பென்சிலால் எழுதிக் கையொப்பமிடுவார். ஐம்பது படிகளுள் இஃது ஏழாவது என்பது பொருள். ஆயினும் எண்ணை மட்டும் நம்பலாகாது. எந்திர நகலிலும் எண் எழுதிவிடலாம் அன்றோ? உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வண்ணப் புள்ளிகள் ஒரே சீராக அணிவகுத்து நின்றால், அது பெரும்பாலும் ஆப்செட் நகலே.

எண்ணில்லாப் படம் மதிப்பற்றதோ? அன்று. இராசா இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், இலக்குமியையும் சரசுவதியையும் வண்ணக் கல்லச்சில் பெருந்தொகையாக அச்சிட்டு வீடுதோறும் சேர்த்தது. பின்னர் அது லோனாவாலாவை அடுத்த மளவலிக்குப் பெயர்ந்தது, 1972இல் தீக்கிரையாயிற்று. அப்படங்களின் கீழோரத்தில் அச்சகப் பெயர் உண்டு. ‘பம்பாய்’ என்றிருப்பின் அது முற்பட்ட படி. ‘கார்லா – லோனாவாலா’ என்றிருப்பின் பிற்பட்டது. பெங்களூரில் நான் கண்ட பழம்படங்கள் பலவற்றில் அவ்வோரமே இல்லை. சட்டத்தின் அளவுக்குப் படத்தை வெட்டியிருக்கிறார்கள்! படம் எஞ்சியது, அதன் பிறப்புச் சான்று குப்பைக்குப் போயிற்று.

ஆகவே சட்டமிடுவோரிடம் முதலில் சொல்ல வேண்டியது, “ஓரத்தை வெட்டாதீர், அட்டையில் முழுதும் ஒட்டாதீர்” என்பதே. மலிவான அட்டையிலும் பிளைவுட்டிலும் உள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அமிலமற்ற மவுண்ட் அட்டை கேளுங்கள். அதன் கனம் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே வெளி தரும். கண்ணாடி தாளைத் தொட்டால், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். செலோடேப் வேண்டா; கோதுமைப் பசையும் சப்பானியத் தாளும் கொண்டு மேல்விளிம்பில் மட்டும் தொங்கவிடுதலே முறை.

பெங்களூரின் இதமான தட்பவெப்பம் நம்மை ஏமாற்றும். மழை மாதங்களில் வெளிச்சுவர் ஈரம் உறிஞ்சும்; ஆதலின் உட்சுவரில் மாட்டுக. வெயில் படும் சுவரும் ஆகாது. வெளுத்த வண்ணம் மீளாது. கண்ணாடியைத் துடைக்கையில் நீரைத் துணியில் இடுக. கண்ணாடிமேல் தெளித்தால் சட்டத்தின் இடுக்கில் இறங்கும். பூஞ்சையோ பூச்சியரிப்போ கண்டால் தாமே துடைக்க முயலாமல், தாள் காப்புக் கலை பயின்றவரை நாடுதல் நன்று.

விலை காலத்துக்குக் காலம் ஏறும், இறங்கும். வெட்டிய ஓரமோ எக்காலத்தும் திரும்பாது. பாட்டி பூசையறையில் வைத்த படமாயினும், நாம் பொருள் கொடுத்து வாங்கிய எண்ணிட்ட படியாயினும், அடுத்த தலைமுறைக்கு முழுத்தாளாக ஒப்படைப்பது நம் கடன்.