ஒற்றைக் கண் சிமிட்டும் மகிழுந்து

இரவில் எதிரே வரும் மகிழுந்தின் முன்விளக்குகளில் ஒன்று மட்டும் சிமிட்டிக்கொண்டே வருவதைப் பலரும் பார்த்திருப்போம். சென்ற தீபாவளி விடுமுறைக்கு நான் வீடு திரும்பியபோது எங்கள் பழைய கஞ்சிலும் அப்படித்தான் சிமிட்டிக்கொண்டிருந்தது. அப்பா விடியற்காலை 5 மணிக்கு வேலைக்குப் புறப்படுபவர். செம்பனைத் தோட்டத்தைத் தாண்டும் வரை சாலையில் ஒரு தெருவிளக்கும் கிடையாது. நம் நாட்டில் இடப்பக்கம்தான் சாலையோரம். இடப்பக்க விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், ஓரமாக நடந்து போகிறவர் கண்ணில் படுவது கடினம்.

பட்டறையில் காட்டியதற்கு, ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது, மாற்ற 380 ரிங்கிட் ஆகும் என்றார்களாம். "காடியை வித்தாக்கூட அவ்வளவு தேறுமான்னு தெரியலடா," என்று அப்பா சிரித்தார். ஆனால் பணம் புரட்டுவது பற்றி அம்மாவிடம் பேசியதையும் கேட்டேன்.

இங்குதான் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடம் கைகொடுத்தது. மின்சுற்று என்று அன்று படித்தது, தேசிய இடைநிலைப்பள்ளியில் 'லித்தார்' ஆனது. மின்தடை 'ரிந்தாங்கான்' ஆனது. பெயர் எதுவானாலும் விதி ஒன்றுதான். இரு முன்விளக்குகளும் இணைச் சுற்றில் உள்ளவை. இரண்டுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ஆல்டர்னேட்டர் பழுதென்றால் இரண்டும் சேர்ந்து மங்க வேண்டும். உள்விளக்கும் கூடவே துடிக்க வேண்டும். ஒன்று மட்டும் சிமிட்டினால், கோளாறு அந்த ஒரு விளக்கின் கிளையில்தான் இருக்கும். அது பல்பு, பல்பைச் செருகும் பிளக், அல்லது மின்சாரம் திரும்பும் எர்த் வயர், இம்மூன்றில் ஒன்று.

சரி, ஊகத்தை மட்டும் நம்பலாமா? 25 ரிங்கிட்டுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி, 20 வோல்ட் டிசி அளவில் வைத்தேன். எஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12.5 காட்டியது. முடுக்கிவிட்டு, விளக்கையும் ஏர்கோனையும் போட்ட பிறகும் 14.1. சுமார் 13.5 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். (15-ஐத் தாண்டினால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே பட்டறைக்குச் செல்லுங்கள்.)

அடுத்து, விளக்கை அணைத்துச் சூடு ஆறிய பின் இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டேன். கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும். மாற்றிய பிறகும் இடப்பக்கமே சிமிட்டியது. ஆக, பல்பு குற்றவாளியல்ல. பிளக்கும் பழுப்பேறாமல், உருகாமல் நன்றாகவே இருந்தது. 55 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 100 வாட் பல்பு போடும் நண்பர்கள் தங்கள் பிளக்கை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது!

மீதமிருந்தது எர்த். எஞ்சின் ஓட, விளக்கு எரியும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் கம்பியிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி, 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். காட்டியதோ 1.6! அவ்வளவு மின்னழுத்தமும் பல்புக்குச் சேராமல் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. ஆலசன் பல்பில் மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் ஒளி பன்மடங்கு குறையும், 14-இல் 1.6 போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். ஏறத்தாழ 4.7 ஆம்பியர் ஓடும் கம்பியில் இந்த 1.6 வோல்ட் என்றால் ஏழரை வாட் வெப்பம். ஏழரை என்றதும் சனி பகவான் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

அந்தச் சனி உட்கார்ந்திருந்த இடம், விளக்குக்குக் கீழே எர்த் வயரை மகிழுந்தின் உடலோடு பிணைக்கும் ஒரு சிறிய போல்ட். மழைநீர் இறங்கி இறங்கித் துரு ஏறியிருந்தது. குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் தொடர்பு அறுந்து, மீண்டும் ஒட்டிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றி வைத்தேன். பிறகு போல்ட்டை எடுத்து, வயரின் வளையத்தையும் அது அமரும் தகட்டையும் உப்புத்தாள் கொண்டு வெள்ளி நிறம் தெரியும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். கிரீஸை இறுக்கிய பிறகுதான் தடவ வேண்டும். மீண்டும் அளந்தபோது 0.05.

முழு வேலைக்கும் ஒரு பிற்பகல் பிடித்தது. அதில் பாதி, துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றவே போயிற்று. மறுநாள் விடியலில் அப்பா புறப்பட்டபோது வாசலில் நின்று பார்த்தேன். திருப்பத்தில் இருக்கும் குழியில் மகிழுந்து குலுங்கியது; இரண்டு விளக்குகளும் அசையாமல் எரிந்தன. மாலையில் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பக்கத்து போல்ட்டையும் பார்த்துட்டியா?"