வாய்க்காலின் தலைப்பும் கடையும் கலந்து பேசுதல்

வயலுக்கு வேண்டிய அறிவைக் கமக்காரர் துண்டுப் பிரசுரங்களிலும் பார்க்க அயல் வரம்பில் நிற்பவரிடமிருந்தே பெரும்பாலும் பெறுகின்றனர். இது நன்றே. ஆயின், அயலவரோடு மாத்திரம் பேசுபவர் அயலவர் அறிந்ததையே அறிவார். தலைப்பிலுள்ளவர்க்கு நீர் திறக்கப்படும் நாள் தெரியும். கடையிற் பயிர் வாடுவது தெரியாது. கடையிலுள்ளவர்க்கு வாட்டம் தெரியும். நீர் எவ்விடத்தில் வீணாகின்றது என்பது தெரியாது. இருவரும் சந்தியாவிடின் ஒருவர்மீதொருவர் குறை கூறுவதே எஞ்சும்.

கல்லோயா இடதுகரையில் இந்நிலை நெடுங்காலம் இருந்தது. மேற்பகுதியிற் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகளும், கீழ்ப்பகுதியில் தமிழ் பேசுவோரும் பயிரிட்டனர். மடைக்கதவுகள் பல உடைந்துகிடந்தன. 1981ஆம் ஆண்டுச் சிறுபோகத் தொடக்கத்திற் சேனாநாயக்க சமுத்திரத்தில் ஏறக்குறையக் காற்பங்கு நீரே இருந்தது. அவ்வாண்டில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகத்தாரின் துணையுடன் இளம் பட்டதாரிகளை அமைப்பாளராக அங்கு அனுப்பிற்று. அவர்கள் கமக்காரரிடையே தங்கி, வீடுதோறும் சென்று, இடர் யாதெனக் கேட்டனர். சங்கம் அமைத்து யாப்பு எழுதுவதில் அவர்கள் தொடங்கவில்லை. (நாமோ முதலிற் சங்கத்தைப் பதிந்துவிட்டுப் பின்னரே அதற்கு வேலை தேடுகின்றோம்.) ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் பத்து முதல் இருபது குடும்பத்தினர் கூடி, பல்லாண்டாகத் தூர்ந்துகிடந்த வாய்க்கால்களை வெட்டித் துப்புரவாக்கினர், முறை வைத்து நீர் பாய்ச்சினர். மேலுள்ளோர் சிலர் தம் பங்கிற் சிறிது விட்டுக்கொடுத்துக் கீழுள்ளோர்க்கு நீர் அனுப்பினர்.

பிரதிநிதியை வாக்கெடுப்பினாலன்றி, யாவரும் உடன்பட்டே தெரிந்தனர். தோற்ற கட்சியொன்று இல்லாமையால் அவர் சொல் எல்லா வீட்டிலும் ஏறிற்று. பிரதிநிதிகள் பெருவாய்க்கால் மட்டத்திலும், பின்னர் உத்தியோகத்தருடனும் கூடினர். இவ்வாறு பொறியியலாளர் அறியாத ஒழுக்குகள் அவர்களுக்குத் தெரியவந்தன; குளத்தின் நீர்மட்டம் கடைக் கமக்காரருக்கும் தெரிந்தது. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், இருந்த நீர் நெற்செய்கைக்குப் போதாதெனக் கூறப்பட்டபோதும், கமக்காரர் அமைப்புகள் ஏறக்குறைய 65,000 ஏக்கரிற் பயிரிட்டுச் சராசரியிலும் கூடிய விளைவு கண்டன.

உங்கள் வாய்க்காலில் இதனைத் தொடங்கப் பணம் வேண்டியதில்லை. போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன் ஒரு காலையில், தலைப்பிலிருந்து கடைவரை யாவரும் ஒன்றாக நடந்து பாருங்கள். கடைக் கமக்காரர் இருவராயினும் உடன் வருதல் அவசியம். அவர்கள் வாராவிடின் இன்னொரு நாள் நடப்பதே மேல். குழுவுக்கு நீங்கள் தெரியும் பிரதிநிதி, பேச்சு வல்லவராக இருப்பதிலும் பார்க்க, கூட்டத்திற் கேட்டதை அன்று மாலையே வந்து சொல்பவராக இருத்தல் வேண்டும். செய்தி ஒருவரிடத்தில் தங்கிவிடின் அதுவும் அடைபட்ட மதகே.

மிளகாய், வெங்காயம் பயிரிடுவோரும் நோய் கண்ட அன்றே குழுவுக்கு அறிவித்தால், அயற் பாத்திகளை உடனே பார்வையிடலாம். நெற்பயிர் குடலைப் பருவத்தை அடையும்போது குழு வாரமொருமுறையேனும் கூடி, கடைசி வயலில் எவ்வளவு நீர் நிற்கின்றதென்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும்.