பாலத்தின் கைப்பிடியும் சிற்பமே!

பாலம் வரையும்போது கைப்பிடிச் சுவரை நாம கடைசியில்தான் கவனிப்போம். சிற்பி இசாமு நொகுச்சிக்கு அதுவே சிற்பம்.

1904இல் அமெரிக்காவில் பிறந்தவர். தந்தை ஜப்பானியர், தாய் அமெரிக்கர். இரண்டு நாட்டிலும் வெளியாளாகவே உணர்ந்தார். 1942இல் ஜப்பானிய வம்சத்தாரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. இவர் அரிசோனா முகாமுக்குத் தானாகவே போய், பூங்காவும் விளையாட்டுத் திடலும் வரைந்தார், எதுவும் கட்டப்படவில்லை.

1949இல் இந்தியா வந்து, கட்டடமே சிற்பமாக நிற்கும் ஜந்தர் மந்தரைப் பார்த்தார். 1952இல், அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் இரண்டு பாலங்களுக்குக் கான்கிரீட் கைப்பிடி அமைத்தார்: ஒன்றில் சூரியன், மற்றதில் படகு.

கொத்தனாரான அப்பாவுடன் ஊர் ஊராக அலைந்தவன் நான். ‘எந்த ஊருப்பா?’ என்றால் முழிப்பேன். இனி முழிக்கமாட்டேன். நான் கட்டப்போற பாலம் எங்கே நிற்குமோ, அதுதான் என் ஊர்!