மூச்சுக்குழாயை ஏமாற்ற முடியவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

மனம் உடலை மாற்றுமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, பாசிட்டிவாக நினைத்தால் கேன்சரே ஓடிவிடும் என்று யாரோ முழங்கும் வீடியோவையும் அனுப்பியிருக்கிறாய். கேள்வி அருமை, வீடியோதான் எரிச்சல்.

வலி விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். 1978இல் வெளியான ஓர் ஆய்வுக்காக லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கலிபோர்னியாவில் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்களைச் சோதித்தார்கள். மருந்தே இல்லாத ஊசியில் சிலருக்கு வலி தணிந்தது. அவர்களுக்கு மார்ஃபினை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் வலி ஏறியது. மார்ஃபின் போன்ற எதையோ மூளையே சுரந்திருக்கிறது. 'எல்லாம் பிரமை' என்பவர்களும் இதைப் படிக்கலாம்.

ஆனால் ஆஸ்துமாவுக்கு வா. வெக்ஸ்லர், கப்ட்சக் குழு பாஸ்டனில் நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனையை முடித்தவர்கள் 39 பேர்தான். சிறியது, ஆனாலும் இந்தத் துறையில் இவ்வளவு நேர்த்தியான சோதனை அபூர்வம். ஒவ்வொருவருக்கும் நாலும் மாறி மாறி நடந்தன: சல்பியூட்டமால் இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர், ஒன்றும் தராமல் உட்காரவைப்பது. எவ்வளவு தேவலை என்று கேட்டார்கள். மருந்துக்கு 50 சதவீதம் என்றார்கள். மருந்தில்லாத இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46, சும்மா உட்கார்ந்ததற்கு 21.

பிறகு கருவியில் ஊதச் சொன்னார்கள். முதல் விநாடியில் வெளிவந்த காற்று, மருந்துக்கு 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றுக்கும் சுமார் 7.

கவனி. நோயாளி பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தேவலை. மூச்சுக்குழாயைப் பொறுத்தவரை, போலி வைத்தியமும் சும்மா இருந்ததும் ஒன்றுதான். வீசிங் முற்றும் நேரத்தில் 'இப்ப பரவாயில்லை' என்று ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டால்?

புற்றுநோய்க்கு வருவோம். 2007இல் வெளியான கோயின் குழுவின் ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரின் மனநிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. இருந்தும் கட்டிலருகே உட்கார்ந்து 'மனசைத் தளரவிடாதே, சரியாயிடும்' என்று உபதேசிக்கிறார்கள். நோய் முற்றினால் பழி யார் தலையில்? படுத்திருப்பவர் தலையில்! இது ஆறுதலா, தண்டனையா?

மனம் வலியோடு நின்றுவிடும் என்றும் முடிவுகட்டாதே. ராபர்ட் ஏடர் என்ற உளவியலாளர் எலிகளுக்குச் சாக்கரின் தண்ணீரோடு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சைக்ளோபாஸ்ஃபமைடையும் கொடுத்தார். பின்னர் சாக்கரின் மட்டும் கொடுத்தபோதும் எதிர்ப்பொருள் உற்பத்தி குறைந்தது. எலிகளுக்குப் பாசிட்டிவ் சிந்தனை ஏது? பழக்கம் மட்டும்தான். நிக்கோலஸ் கோஹனோடு அவர் எழுதிய அந்தக் கட்டுரை 1975இல் 'சைக்கோசொமாட்டிக் மெடிசின்' இதழில் வந்தது. நூலகத்தில் தேடி எடுத்துப் படி; வீடியோவைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.