கினிப் பன்றி வளர்ப்பு: குட்டிக்கு முன் கணக்கு

"டீச்சர், எங்க வீட்டு கினி பிக் மூணு குட்டி போட்டிருக்கு. ரெண்டுமே பொண்ணுன்னுதான் கடைக்காரர் சொன்னாரு!"

மாசி மாதக் கடைசியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆணை உடனே தனியாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் முகம் வாடியிருந்தது. மீண்டும் சினையாக இருந்த தாய், தகரக் கொட்டகையின் சித்திரை வெயிலில் இறந்துவிட்டது. மீதியைக் கிரிவலப் பாதையில் விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திருவண்ணாமலை போன்ற ஊர்களிலும் இன்று வண்ணமீன், லவ் பேர்ட்ஸ் விற்கும் கடைகளில் கினிப் பன்றி கிடைக்கிறது. மாணவர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். ஆகவே, இந்த உயிரியைப் பற்றிய அடிப்படைச் செய்திகள் நமக்குத் தெரிந்திருப்பது நல்லது. நம் அறிவியல் பாடத்தின் பல அலகுகளோடு இதற்குத் தொடர்பும் உண்டு.

பன்றி அல்ல, கொறிவிலங்கு

கினிப் பன்றி பன்றியினம் அல்ல. எலி, அணில் போன்ற கொறிவிலங்கு. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. அங்குள்ள மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை உணவுக்காக வளர்த்தனர். முன்னங்காலில் 4 விரல்கள், பின்னங்காலில் 3 விரல்கள். பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். அவை தேய, நாள் முழுவதும் புல் கடிக்க வேண்டும். நன்றாகப் பராமரித்தால் 5 முதல் 8 ஆண்டுகள் வாழும்.

மருத்துவ வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. 1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை நிறுவியபோது கினிப் பன்றிகளைப் பயன்படுத்தினார். நம் கிண்டி ஆய்வகத்தில் 1948 முதல் தயாரிக்கப்பட்ட பி.சி.ஜி. போன்ற காசநோய்த் தடுப்பூசிகளின் பாதுகாப்பைச் சோதிக்கவும் உலகெங்கும் இவையே பயன்பட்டன.

நம்மைப் போல ஒரு குறை

பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே உருவாக்கிக்கொள்கின்றன. மனிதராலும் கினிப் பன்றியாலும் அது முடியாது. அதற்கான நொதி இரண்டு உயிர்களிடமும் இல்லை. 1907இல் நார்வே நாட்டின் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்த கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி வருவதைக் கண்டனர். குறைபாட்டு நோய்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

எனவே அரிசி, சோளம், கோழித் தீவனம் மட்டும் போட்டு இதை வளர்க்கக் கூடாது. அருகம்புல் போன்ற சுத்தமான புல்லே முதன்மை உணவு. அத்துடன் நாள்தோறும் வைட்டமின் சி உள்ள குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, சிறு துண்டு கொய்யா தரலாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சமைத்த உணவு ஆகியவை ஆகாது. பூச்சிமருந்து தெளித்த வயல்வரப்புப் புல்லும் கூடாது.

வெப்பம் இன்னொரு ஆபத்து. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் இதற்கு ஏற்றது. 27 டிகிரிக்கு மேல் போனாலே கவனம் தேவை. நம் ஊர்க் கோடையில் தகரக் கூரையின் கீழ் வைப்பது உயிருக்கே ஆபத்து. சினையாக இருக்கும் தாய்க்கு இன்னும் ஆபத்து. நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில், எப்போதும் தண்ணீருடன் வைக்க வேண்டும்.

இனப்பெருக்கம்: தெரிய வேண்டிய நான்கு செய்திகள்

1. சீக்கிரம் பருவமடையும். பெண் குட்டி 4 வாரத்திலேயே சினை பிடிக்கக்கூடும். அதனால் ஆண் குட்டிகளை 3 வாரத்தில் தாயிடமிருந்தும் பெண் குட்டிகளிடமிருந்தும் பிரிக்க வேண்டும்.

2. ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் சினை பிடிக்கும். எனவே பிரசவத்துக்கு முன்பே ஆணைத் தனியே வைக்க வேண்டும். நான் சொல்லத் தவறியது இதைத்தான்.

3. முதல் பிரசவம் தள்ளிப்போகக் கூடாது. சுமார் 7 மாதத்துக்குப் பிறகு பெண்ணின் இடுப்பெலும்பின் முன் இணைப்பு இறுகிவிடும். அதன் பின் வரும் முதல் பிரசவத்தில் குட்டி வெளிவர முடியாமல் தாயும் குட்டியும் இறக்கலாம். வயது தெரியாமல் கடையில் வாங்கிய பெண்ணை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது.

4. நிறத்துக்காகச் சேர்க்கக் கூடாது. நிற மயிரும் வெள்ளை மயிரும் கலந்த 'ரோன்' வகை இரண்டைச் சேர்த்தால், அந்தப் பண்புக்கான மரபணு இருபுறமிருந்தும் வந்து சேரும் குட்டிகள் கண்ணும் பல்லும் சரியாக வளராமல் பிறக்கும். அப்படிப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

வகுப்பறைச் செயல்பாடுகள்

கணக்கு: சினைக்காலம் சராசரி 68 நாள், ஒரு ஈற்றுக்கு 3 குட்டி. ஆணைப் பிரிக்காவிட்டால் ஒரு தாய் ஓராண்டில் எத்தனை குட்டி ஈனும்? 365ஐ 68ஆல் வகுத்தால் 5 ஈற்று; 15 குட்டிகள். மகள்கள் ஈனும் குட்டிகள் இதில் சேரவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூண்டு, புல், வாங்கிக்கொள்ள ஒரு வீடு வேண்டும் என்று பட்டியலிடச் சொல்லுங்கள்.

மரபியல்: பத்தாம் வகுப்பில் புன்னட் கட்டத்தைப் பட்டாணிக்குப் பின் ரோன் பண்புக்கும் போடச் செய்யுங்கள். நான்கில் ஒன்று என்பது தாளில் ஓர் எண். வீட்டில் அது பார்வையில்லாத ஒரு குட்டி.

பல்லமைப்பு: முயலோடு ஒப்பிட்டு, இரண்டும் ஏன் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கின்றன என்று கேளுங்கள்.

இவை எதற்கும் வகுப்பறையில் விலங்கு தேவையில்லை. படமும் கரும்பலகையும் போதும். யாராவது வீட்டிலிருந்து கொண்டுவந்தால், தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவச் செய்யுங்கள். படர்தாமரை பரவ வாய்ப்புண்டு.

விட்டுவிடுவது தீர்வல்ல

வேண்டாத விலங்கைக் கிரிவலப் பாதையிலோ மலையடிவாரத்திலோ விடுவது விடுதலை என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டில் பிறந்த கினிப் பன்றிக்கு நாயிடமிருந்து தப்பத் தெரியாது. வளர்ப்பவர் தக்க காரணமின்றி விலங்கைக் கைவிட்டு, அது பட்டினியாலோ தாகத்தாலோ துன்புற விடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இதே பாதையில் உள்ள ரமணாசிரமத்தில் பசு, மான், காகம், நாய் ஆகியவற்றுக்குச் சமாதி எழுப்பியிருக்கிறார்கள். அதை நம் மாணவர்களுக்குக் காட்டலாம்.

அந்த மாணவியின் வீட்டில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, பாலினம் உறுதிசெய்து, ஆணையும் பெண்களையும் தனித்தனிக் கூண்டில் வைத்தார்கள். இனி குட்டி வேண்டாம் என்று முடிவு செய்தவள் அவளே. குட்டி வேண்டாம் என்று முடிவெடுப்பதும் பொறுப்பான வளர்ப்புதான். "இரண்டும் பெண்தானா?" என்று அன்றே நான் கேட்டிருக்கலாம். உங்கள் வகுப்பில் யாராவது குட்டி வந்த செய்தியோடு வந்தால், அந்தக் கேள்வியை உடனே கேளுங்கள்.